பன்னிரண்டு நிலவேம்பு, ஒரு சாம்பை

கரமனை, திருவனந்தபுரம்
2024 ஜூன் 2, ஞாயிறு. காலை 6.40. நீ போய் 21 நாள்.

அன்புள்ள ஷிஜா,

நான் நலம். உன் நலம் எழுதவும். மலையில் குளிர் என்றாய். ஸ்வெட்டர் போடுகிறாயா இல்லையா என்று எழுது. அம்மா நெய்யாற்றின்கரையில் தங்கை அஜிதா வீட்டில் இருக்கிறாள். பிரஷர் 140/90.

இனிமேல் அவசரத்துக்கு மட்டும்தான் போன், மற்றதெல்லாம் கடிதத்தில் என்று சொன்னது நீ. போனில் நான் உன்னைப் பேச விடுவதில்லையாம். செரி, எழுதுகிறேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள். நான் தமிழில் முழுப் பக்கம் எழுதி ஆறு வருஷம் ஆகிறது. கான்கிரீட் பிளான்ட்டில் இங்கிலீஷ், கடையில் மலையாளம். தமிழ் பேச இருந்தது நீ ஒருத்தி.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவில் உள்ள காலி இடத்தை நேற்று டேப் வைத்து அளந்தேன். 2.70 மீட்டருக்கு 1.95. நீ கிளம்பிய அன்று காலையில் அங்கே நின்று, "இங்க ஏதாவது நட்டா நல்லாருக்கும்" என்றாய். நான் ஆட்டோ வந்துவிட்டது என்று கத்திக்கொண்டிருந்தேன். இப்போது பதில் சொல்கிறேன். நடலாம். ஆனால் ஒன்றுதான் நடலாம்: ஒரு பழ மரம், அல்லது ஒரு மூலிகைப் பாத்தி. இரண்டுக்கும் வெயில் போதாது. அங்கே நேரடி வெயில் ஒரு நாளைக்கு 4 மணி 20 நிமிஷம்.

என் முடிவு நிலவேம்பு. நட்ட 110 நாளில் அறுக்கலாம். மரம் என்றால் வருஷக்கணக்கு. நீயோ சர்க்கார் ஆஸ்பத்திரியில் சித்த மருந்தாளுநர், உனக்கும் ஒத்துவரும்.

ஒரு வருஷம் கொல்லிமலை, அப்புறம் தமிழ்நாட்டு எல்லையில் களியக்காவிளைப் பக்கம் மாற்றல், அங்கிருந்து தினமும் கரமனைக்கு வந்து போகலாம் என்று சொல்லித்தான் போனாய். காலண்டரில் 2025 மே 11, ஞாயிறு என்று வட்டம் போட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் வர வழி இருந்தால் அதையும் எழுது.

வாட்டர் டேங்கை ஒரு தடவை நிரப்பினால் இப்போது நான்கு நாள் வருகிறது. முன்பு இரண்டு நாள்.

பதில் எப்போது வரும்?

பிரவின்ராஜ்


கொல்லிமலை
11.6.2024

அன்புள்ள அத்தானுக்கு, ஷிஜா எழுதறது.

நான் சுகம். ஸ்வெட்டர் போடறேன். காலையில ரெண்டு போடறேன். உங்க வயித்தெரிச்சல் எப்படி இருக்கு? ராத்திரி பரோட்டா வேண்டாம். தோசை மாவு வாங்கிக்கிடுங்க. அத்தைகிட்ட மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்லுங்க.

உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். போனா இருந்தா இவ்வளவையும் நாற்பது செகண்டுல சொல்லிட்டு "வேற?"ன்னு கேட்டிருப்பீங்க. உங்க கையெழுத்து இப்படித்தான் இருக்கும்னு கல்யாணம் ஆகி ரெண்டு வருஷத்தில இப்பத்தான் பாக்கறேன். எல்லா எழுத்தும் வரைபடத்தில எழுதின மாதிரி நிமிர்ந்து நிக்குது.

எனக்கு நிலவேம்பு வேண்டாம். ஏழரைக்கு அடுப்பில கசாயம் ஏத்தினா மத்தியானம் வரைக்கும் அந்த ஆவிலதான் நிக்கேன். தலைமுடியில கசப்பு, சேலையில கசப்பு. வீட்டுக்கு வந்தா அங்கயும் நிலவேம்பா? உங்களை அந்தக் கான்கிரீட் லாரிக்குள்ள பாய் விரிச்சுப் படுன்னா படுப்பீங்களா?

பழ மரம் வைங்க. சப்போட்டா வைக்கலாம், சாம்பை வைக்கலாம். சிவப்பா மணி மாதிரித் தொங்கற சாம்பக்காயை உப்பும் மிளகாப்பொடியும் தொட்டுத் தின்னு வருஷமாச்சு. எதை நட்டாலும் எத்தனை வருஷத்தில காய்க்கும்னு மட்டும் விசாரிச்சு எழுதுங்க. சப்போட்டா மூணு வருஷம்னு இங்க சொல்றாங்க. அங்க மழைக்கு எப்படியோ.

உடம்பைப் பாத்துக்கிடுங்க. குடை எடுத்துட்டுப் போங்க.

உங்கள்
ஷிஜா


கரமனை
2024 ஜூன் 22, சனி. மாலை 5.15. 41 நாள்.

அன்புள்ள ஷிஜா,

நலம். வயிறு பரவாயில்லை. பரோட்டா வாரத்துக்கு மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைத்திருக்கிறேன்.

உன் கடிதம் 17ஆம் தேதி வந்தது. நான் 15ஆம் தேதியே நட்டுவிட்டேன். மழை தொடங்கிவிட்டது, உன் பதிலுக்கு நிற்க முடியவில்லை. சாலை பஜாரில் நர்சரி வைத்திருக்கும் மைதீனிடம் பன்னிரண்டு நிலவேம்பு நாற்று வாங்கினேன். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் இடைவெளி, செடிக்குச் செடி 15.

நீ கேட்டதற்காக மரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். சப்போட்டா ஒட்டுக்கன்று மூன்று நான்கு வருஷம், கொய்யா இரண்டு, மாதுளை நம் மழைக்கு ஆகாது. சாம்பை கேட்கவில்லை, மறந்துவிட்டேன். மரத்தின் வேர் கிணற்றுச் சுவருக்கு வரலாம். இலை கிணற்றில் விழும். காய்த்தால் வவ்வால் வரும். நிலவேம்புக்கு இது எதுவும் கிடையாது. ஒரே குறை கசப்பு, அதுதான் அதன் வேலையே. ஆகவே நிலவேம்பு.

வளர்ச்சியைக் கண்காணிக்க ஒரு முறை வைத்திருக்கிறேன். பிளான்ட்டில் ஒவ்வொரு லோடு கான்கிரீட்டிலும் கியூப் வார்த்து, ஏழாம் நாள் சிலதை நசுக்கிப் பலம் பார்ப்போம், இருபத்தெட்டாம் நாள் மீதியை நசுக்குவோம், உனக்குத் தெரியும். அதே முறைதான். பன்னிரண்டில் மூன்றை 7ஆம் நாள் பிடுங்கி வேரை அளப்பது. மூன்று 14ஆம் நாள். மூன்று 28ஆம் நாள். மூன்று ரிசர்வ். இன்று ஏழாம் நாள். மூன்றைப் பிடுங்கிக் கழுவி வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். சராசரி வேர் 4.1 சென்டிமீட்டர். போதாது.

பக்கத்து வீட்டு மாடம்மாள் அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னடே பண்ணுக?"

"டெஸ்ட், அக்கா."

"செடிக்கா?"

"ஆமா."

"பாஸாச்சுன்னா திருப்பி நடுவியா?"

"நட மாட்டேன். டெஸ்ட் பண்ணினது பண்ணினதுதான்."

"பின்னே பாஸானா என்ன, தோத்தா என்ன? ரெண்டுக்கும் சாவுதானே டே."

அவளுக்கு மாதிரிச் சோதனை என்றால் என்னவென்று தெரியாது. ஓட்டல் அடுக்களையில் வேலை பார்க்கிறவள்.

மாற்றல் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. கேள்வியை மறுபடி எழுதுகிறேன்: எப்போது வருகிறாய்?

பிரவின்ராஜ்


கொல்லிமலை
1.7.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். லேசா ஜலதோஷம். உங்களுக்கும் அத்தைக்கும் சுகம்தானே?

இது வர்றதுக்குள்ள பதினாலாம் நாள் மூணும் போயிருக்கும், மீதி ஆறையும் பிடுங்காதீங்க. மாடம்மாள் அக்கா சொன்னதைப் படிச்சுட்டு அடுப்பங்கரையில நின்னு தனியா சிரிச்சேன். வரிசையில நின்ன ஒரு பாட்டையா, "என்ன தாயி, வீட்டுக்காரர் லெட்டரா?"ன்னு கேட்டார். எப்படிக் கண்டுபிடிச்சார்னு தெரியலை.

இங்க மருந்து வாங்க மேல இருக்கிற ஊர்ல இருந்தெல்லாம் நடந்து வர்றாங்க. கசாயம் நாலில ஒரு பங்கா வத்தணும். அதுக்கு நேரம் பிடிக்கும். தீயைக் கூட்டினா தண்ணி சீக்கிரம் வத்திரும், ஆனா அது மருந்து இல்லை, கொதிச்ச தண்ணி. அதனால எல்லாரும் வெயில் வர்ற பக்கமா உக்காந்து பேசிக்கிட்டு இருப்பாங்க. கிளாஸை ஆளுக்கு ஒண்ணா வீட்டுல இருந்தே கொண்டு வந்திருவாங்க.

நிலவேம்பை விடுங்க. அது ஒரு வருஷச் செடி, அறுத்தா தீந்துச்சு. சாம்பை கேட்டு எழுதுங்க. மூணு வருஷத்தில காய்க்குமா? மைதீன் பாயிட்ட என் பேரைச் சொல்லுங்க, கிண்டல் பண்ணினாலும் சரியாச் சொல்லுவார்.

மழையில சைட்டுக்குப் போறப்ப ஹெல்மெட்டோட கழுத்துத் துண்டும் கட்டிக்கிடுங்க. காதுக்குள்ள காத்து போனா உங்களுக்குத் தலைவலி வரும்.

ஷிஜா


கரமனை
2024 ஜூலை 14, ஞாயிறு. காலை 10.05. 63 நாள். செடி 0.

ஷிஜா,

நலம். உன் ஜலதோஷம் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் கடிதம் 8ஆம் தேதி வந்தது. அதற்குள் பதினாலாம் நாள் சோதனை முடிந்திருந்தது. மீதி ஆறு. நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாய், ஆனால் திட்டம் என்றால் திட்டம். நேற்று இருபத்தெட்டாம் நாள், மூன்றைப் பிடுங்கினேன். வேர் 7.8. புத்தகத்தில் போட்டிருப்பதைவிடக் குறைவு. கான்கிரீட்டில் ரிசல்ட் குறைந்தால் ரிசர்வ் கியூபை எடுத்து மறுசோதனை செய்வோம். ரிசர்வ் மூன்றையும் பிடுங்கினேன். அவற்றில் வேர் 8.3. அதாவது நன்றாகத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறது. அது தெரிந்தபோது பாத்தியில் ஒன்றும் இல்லை.

மாடம்மாள் அக்கா பார்த்துவிட்டு, "ஷிஜா பிள்ளை வரட்டு. உன்னையும் வேரோட பிடுங்கி அளக்கச் சொல்லுகேன்" என்றாள். நான் உள்ளே போய்விட்டேன்.

இதற்கு மேல் சுற்றி வளைக்கவில்லை. நான் ஒரு கேள்வியை இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டேன். நீ இரண்டிலும் ஸ்வெட்டர், கசாயம், சாம்பை என்று எழுதியிருக்கிறாய். அம்மா தினமும் போனில் கேட்கிறாள். எனக்கு இங்கே ஆள் வேண்டும். சமைக்க இல்லை, சமையல் நான் செய்துகொள்வேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் காலையில் நான் வைத்த சாமான் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அது சரியில்லை.

ஆகஸ்ட் 31க்குள் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வா. இங்கே ஆயுர்வேதக் கடைகளில் உனக்கு வேலை கிடைக்கும், நான் விசாரித்துவிட்டேன். முடியாது என்றால் முடியாது என்று எழுது. மேற்கொண்டு என்ன செய்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

பிரவின்ராஜ்


கரமனை
2024 ஆகஸ்ட் 15, வியாழன். காலை 9.00. 95 நாள். பதில் இல்லாமல் 32 நாள்.

ஷிஜா,

சுகமா என்று மட்டும் எழுது.

பிரவின்


கொல்லிமலை
17.8.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகமா இருக்கேன். மழையில ரோட்டுல மண் சரிஞ்சு பத்து நாளா பஸ் இல்லை. தபாலும் மேல வரலை. ஆனா அது பத்து நாள்தான். மீதி நாளெல்லாம் நான் எழுதாத நாள். எழுத உக்காருவேன், ரெண்டு வரி எழுதிட்டு மடிச்சு வெச்சிருவேன்.

நீங்க எப்படி இருக்கீங்க? வயிறு? அத்தை பிரஷர்?

செடி போனதுக்கு வருத்தப்படாதீங்க. நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்களே, அந்த வரியை மட்டும் மறுபடி மறுபடி படிச்சேன்.

நான் தங்கியிருக்கிற வீட்டுக்குப் பின்னால ஒரு பலா நிக்குது. யார் வெச்சதுன்னு வீட்டுக்காரங்களுக்கே தெரியலை. சாயந்திரம் கசாயப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்திட்டு வந்து அதுக்கு அடியில உக்காருவேன். கரமனையில இந்நேரம் நீங்க பைக்கை உள்ள ஏத்தி, சங்கிலி போட்டு, பூட்டை மூணு தடவை இழுத்துப் பாத்துக்கிட்டு இருப்பீங்கன்னு நினைச்சுக்கிடுவேன். அந்தச் சத்தம்கூடக் கேக்கும். கேக்கிற மாதிரி இருக்கும்.

பாத்தி காலியா இருக்கட்டும்னு விட்டுராதீங்க. இனி நட்டா ரெண்டே முக்கால் வருஷத்தில காய்க்கிற மாதிரி ஏதாவது மரம் இருக்கா? மூணு ஆனாலும் குத்தமில்லை. கேட்டு எழுதுங்க.

ஷிஜா


கரமனை
2024 ஆகஸ்ட் 31, சனி. மதியம் 2.30. 111 நாள்.

ஷிஜா,

நலம். அம்மா 130/85.

இன்று நான் வைத்த கெடு. ராஜினாமா பற்றி உன் கடிதத்தில் ஒரு எழுத்து இல்லை. கோபத்தில் அதைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. உன் மூன்று கடிதங்களையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்து, ரிப்போர்ட் படிப்பதுபோல் பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படித்தேன்.

முதல் கடிதத்தில், எத்தனை வருஷத்தில் காய்க்கும். சப்போட்டா மூன்று வருஷம். இரண்டாவதில், சாம்பை மூன்று வருஷத்தில் காய்க்குமா. மூன்றாவதில், இனி நட்டால் ரெண்டே முக்கால்.

கொய்யா இரண்டு வருஷம் என்று நான் எழுதியிருந்தேன். அதை நீ கண்டுகொள்ளவே இல்லை. சீக்கிரம் காய்ப்பது உனக்கு வேண்டாம். அதோடு, யாரும் மரத்துக்கு முக்கால் வருஷக் கணக்குக் கேட்பதில்லை.

2024 ஆகஸ்டோடு ரெண்டே முக்கால் வருஷத்தைக் கூட்டினேன். 2027 மே. நீ போனது 2024 மே.

ஒரு வருஷம் இல்லை. மூன்று வருஷம். சரியா? ஆமா அல்லது இல்லை என்று எழுது. ஸ்வெட்டர் பற்றி எழுத வேண்டாம்.

பிரவின்ராஜ்


கொல்லிமலை
9.9.2024

அத்தான்,

ஆமா. மூணு வருஷம்.

சுகமான்னு கேட்காம ஆரம்பிச்சிட்டேன். கேட்டுட்டு ஆரம்பிச்சா மறுபடியும் இதை எழுதாம முடிச்சிருவேன்.

வேலையில சேந்த மூணாம் நாள் ஆபீஸ்ல சொன்னாங்க. மலைக்கு ஆள் வர்றது கஷ்டம், வந்தவங்க மூணு வருஷம் முடிக்காம மாற்றல் கேக்க முடியாதுன்னு. ஒரு வருஷம்னு உங்ககிட்ட சொன்னப்ப நானும் அப்படித்தான் நம்பினேன். அன்னிக்கு சாயந்திரமே போன்ல சிக்னல் கிடைக்கிற பாறை வரைக்கும் நடந்து போய் உங்களைக் கூப்பிட்டேன். ஞாபகம் இருக்கா? நீங்க ஹலோ சொல்லலை. டேங்க்ல ஃப்ளோட் வால்வு மாத்தின கதையைச் சொன்னீங்க. பதினொரு நிமிஷம். நடுவில ரெண்டு தடவை "அத்தான், ஒரு விஷயம்"னேன். ரெண்டு தடவையும் "இரு, முடிச்சிருகேன்"னீங்க. முடிச்சிட்டு "வேற?"ன்னீங்க. நான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டேன்.

கடிதம்னா நடுவில பேச முடியாது, சொல்லிரலாம்னு நினைச்சேன். அதான் போன் வேண்டாம்னது. ஆனா பேப்பர் எதிர்ல யாரும் குறுக்க பேசாமலே எனக்கு எழுத வரலை. அது உங்க தப்பு இல்லை.

மூணு வருஷம் எனக்காக இருங்கன்னு சொல்ல வாய் வரலை. ஒரு மரத்தை நட வெச்சிட்டா அதுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டாவது இருப்பீங்கன்னு நினைச்சேன். நான் வர்றப்ப முதல் காய் நிக்கணும்னு ஆசை. நீங்க தொண்ணூறு நாள், நூத்திப்பத்து நாள்னு எழுத எழுத எனக்கு பயம்தான் கூடிச்சு.

வேலையை விட மாட்டேன். இதையும் சொல்லிரணும். ஆறு வருஷம் பரிட்சை எழுதி வாங்கினது. அது மட்டும் இல்லை. காலையில அடுப்பு பத்தவைக்கிறப்ப கிளாஸும் கையுமா பதினேழு பேர் உக்காந்திருப்பாங்க. அவங்களுக்கு நான் வேணும். எனக்கு அது பிடிச்சிருக்கு. ஆனா சாயந்திரமானா எனக்கு அந்தப் பூட்டுச் சத்தம் வேணும். ரெண்டும் ஒரே இடத்தில இல்லை. என்ன பண்ண?

தீபாவளிக்கு மூணு நாள் லீவு கேக்கலாம். வரவா?

ஷிஜா


கொல்லிமலை
28.9.2024

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். உங்க சுகத்துக்கு எழுதவும்.

பதில் வரலை. கோபம்னா கோபம்னே எழுதுங்க. தீபாவளி லீவு எழுதிக் குடுக்க அக்டோபர் பத்து கடைசி. வரச் சொன்னா வருவேன். சொல்லலைன்னா இங்கயே ட்யூட்டி பாக்கறேன்.

ஷிஜா


கரமனை
2024 அக்டோபர் 6, ஞாயிறு. மாலை 5.50. 147 நாள். கன்று 1.

அன்புள்ள ஷிஜா,

நலம். அம்மாவும் நலம். அவளிடம் மூன்று வருஷம் என்று சொல்லிவிட்டேன். உடனே போனை வைத்துவிட்டாள். மறுநாள் உனக்கு ஸ்வெட்டர் எந்தக் கலரில் இருக்கிறது என்று கேட்டாள்.

உன் 9ஆம் தேதிக் கடிதம் 14ஆம் தேதியே வந்துவிட்டது. மூன்று பதில் எழுதினேன். முதலாவதில் உன்னைத் திட்டியிருந்தேன். இரண்டாவது வக்கீல் நோட்டீஸ் மாதிரி, பத்தி பத்தியாக நம்பர் போட்டு. மூன்றாவதில் "எனக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை" என்று எழுதியிருந்தேன். அது பொய். மூன்றையும் தபாலில் போடவில்லை. உன்னை இத்தனை நாள் காக்க வைத்ததற்கு வேறு காரணம் கிடையாது.

அந்தப் பதினொரு நிமிஷம் எனக்கு ஞாபகம் இல்லை. ஃப்ளோட் வால்வு ஞாபகம் இருக்கிறது. அரை இஞ்ச், பித்தளை. நீ "ஒரு விஷயம்" என்றது ஞாபகம் இல்லை. அதைத்தான் இருபது நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பிளான்ட்டில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுத்தேன். எட்டு வருஷமாக ஒரே வகுப்பு. கான்கிரீட் 28 நாளில் முழுப் பலம் அடையும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரியில்லை, 28ஆம் நாள் நாம் சோதிப்பதை நிறுத்துகிறோம், அவ்வளவுதான், ஈரம் கிடைத்தால் அது வருஷக்கணக்கில் இறுகிக்கொண்டே இருக்கும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு போர்டில் அடுத்து என்ன எழுத வேண்டும் என்று மறந்து நின்றேன். மேனேஜர் சிவதாணு சார் கதவருகே நின்று, "என்ன பிரவின், கரண்டு போச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நேற்று மைதீனிடம் போனேன். சாம்பை கேட்டேன். உன் பெயரையும் சொன்னேன்.

"ஷிஜா கேட்டதா? அப்போ நல்லதாத் தரணுமே" என்று இரண்டு கன்றுகளை எடுத்து வைத்தார். "இது பதியன். நட்டு ஒண்ணரை, ரெண்டு வருஷத்தில காய்க்கும். அது விதைக்கன்னு. மே மாசம் முளைச்சது. முளைச்சதில இருந்து கணக்கு வெச்சா மூணு வருஷம் பிடிக்கும், கூடவும் ஆகும்."

"விதைக்கன்று குடுங்க."

"சொன்னது புரிஞ்சுதா? பதியன்தான் சீக்கிரம்."

"புரிஞ்சுது பாய். விதைக்கன்று."

"அன்னிக்கு நிலவேம்பு வாங்கிட்டு, நாளைக்கே அறுக்க முடியுமான்னு கேட்ட ஆள்தானே நீங்க?" என்றார். பதியனைத் திரும்ப எடுத்து வைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் விதைக்கன்றைக் கையில் எடுத்துக்கொண்டேன். பதியன் 2026இல் காய்த்தால் அந்தக் காயை நான் யாருக்குக் கொடுப்பது? மாடம்மாள் அக்காவுக்கா?

இன்று காலை நட்டேன். கிணற்றுச் சுவரிலிருந்து 1.60 மீட்டர் தள்ளி. கன்று 34 சென்டிமீட்டர், இலை ஒன்பது. வேரை அளக்கவில்லை.

மாடம்மாள் அக்கா மதிலில் கையை வைத்துக்கொண்டு, "இதை எப்பப் பிடுங்குவே?" என்றாள்.

"பிடுங்க மாட்டேன்."

"செரி, பாப்போம்" என்றாள்.

சாயங்காலம் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டேன். சும்மா நின்றுகொண்டிருந்தது. முதல் தடவை அது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது தடவை வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ பலா மரத்தடியில் உட்காரும் நேரமாக இருக்கும் என்று தோன்றியது. அப்புறம் பைக்கை உள்ளே ஏற்றிப் பூட்டினேன். மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். நான்காவது தடவையும் இழுத்தேன்.

இந்தக் கடிதம் அக்டோபர் 10க்குள் உன் கைக்கு வராது. ஆகவே தீபாவளிக்கு நீ வர வேண்டாம். லீவு எழுதியிருக்க மாட்டாய், ட்யூட்டியைப் பார். நான் வருகிறேன்.

பதில் எப்போது வரும் என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

பிரவின்

இனி நான் செய்யப்போவது:

1. நாளை காலை 8.30க்கு இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பேன்.

2. அக்டோபர் 29 சேலத்துக்கு ரயில். 30 மதியத்துக்குள் மலை மேலே. சிவதாணு சாரிடம் லீவு வாங்கியாகிவிட்டது.

3. கொண்டுவருவது: சாலை பஜாரிலிருந்து ஏத்தங்காய் சிப்ஸ் ஒரு கிலோ, அம்மா வாங்கித் தந்த ஸ்வெட்டர் ஒன்று. கலர் பிடிக்கவில்லை என்றாலும் போட்டு போட்டோ எடுக்க வேண்டும், அவள் கேட்பாள்.

4. வீட்டிலிருந்து கிளாஸ் ஒன்றும் கொண்டுவருவேன். வரிசையில் பதினெட்டாவதாக உட்காருவேன். அடுப்பில் கை வைக்க மாட்டேன்.

5. சாயந்திரம் நீ பேசு. நான் வாட்சை இங்கேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறேன். நீ முடிக்கும் வரை "வேற" என்று கேட்க மாட்டேன்.

6. நான் இல்லாத நாட்களில் கன்றுக்கு மாடம்மாள் அக்கா தண்ணீர் ஊற்றுவாள். அளவு கப் கொடுத்தேன். வாங்கவில்லை, சிரித்தாள். விட்டுவிட்டேன்.

7. காலண்டரில் 2025 மே 11ஐச் சுற்றிப் போட்ட வட்டத்தை அழித்துவிட்டேன். 2027 காலண்டர் இன்னும் அச்சாகவில்லை. அச்சானதும் வாங்குவேன்.